ஜொகூரில் ஓர் ஆடித் தள்ளுபடி

"ஊர்லேருந்து என்ன கொண்டு வரட்டும் சித்தி? முறுக்கா, அதிரசமா?" என்று புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. இங்க இருக்கறத வெளியேத்தவே வழி தெரியல. விலை ஒட்டற கலர் ஸ்டிக்கர் கிடைச்சா வாங்கிட்டு வா" என்றார் சித்தி.

அப்படித்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் அச்சிட்ட ஸ்டிக்கர் தாள்களோடு 2025 ஜூலை கடைசி நாளன்று சிங்கப்பூர் குவீன் தெருவில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினேன். அது ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையம் வரை போகும். நடுவில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகள். உட்லண்ட்ஸில் இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏறினால் காஸ்வே. 1924இல் திறக்கப்பட்ட இந்தக் கடற்பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நடந்தால் கால் மணி நேரம். வேலை முடிந்து திரும்புகிறவர்களோடு சேர்ந்து போனதால் எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஈசல் கூட்டம்போல் முந்திக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூரில் குடியிருப்பவர்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது என்ற ஒரு கணக்கை வைத்தே இந்த ஊரின் பாதிப் பொருளாதாரத்தைச் சொல்லிவிடலாம். ரிங்கிட் என்பது நோட்டில் இருக்கும் பெயர். அங்குள்ள தமிழர் வாயில் அது வெள்ளிதான்.

சித்தியின் மகன், என் தம்பி, காருடன் வந்திருந்தான். ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் போகும் வழியில் மாசாய். அங்கே ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், இரட்டை மாடித் தொடர்வீடு. முன்பக்கம் இரும்பு கேட், உள்ளே கார் நிறுத்தக் கூரை போட்ட போர்ச்சு, ஓரத்தில் துளசிச் செடி, சுவரில் சாமி மாடம். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டை விட்டு, மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடிக்குச் சித்தியும் சித்தப்பாவும் போகிறார்கள். ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சல். அதற்குள் இரண்டு மாடிச் சாமான் மூன்று அறைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்க வேண்டும்.

வழி சொன்னவன் தம்பி. "கராஜ் சேல் போடுவோம்மா. சனிக்கிழமை காலையில போர்ச்சுல எல்லாத்தையும் அடுக்கி வைப்போம்."

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "வீட்டுச் சாமானத் தெருவுல பரப்பி வச்சா என்னா நெனைப்பாங்க? வித்துத் திங்கிற நெலமைக்கு வந்துட்டான்னு இந்தத் தாமானே பேசும்" என்றார்.

அவர் சொன்னதில் நம் சமூகம் மொத்தமும் இருந்தது. பழையதை நாம் விற்காமல் இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருவில் குரல் கேட்டால் ஓடிப்போய் நிறுத்துவோம். இங்கேயும் லாரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "சூராட் காபார் லாமா, பெசி பூரோக்" என்று பழைய பேப்பருக்கும் இரும்புக்கும் ஆள் வருகிறார். அவரிடம் கிலோ கணக்கில் போட்டால் கௌரவக் குறைச்சல் இல்லை. அதே பொருளை நாமே விலை சொல்லி அடுத்த வீட்டுக்காரரிடம் விற்றால் மானம் போகிறது. நம் ஊரில் ஒரு குடும்பம் நொடித்ததைச் சொல்ல "அண்டா குண்டா எல்லாம் போச்சு" என்பார்கள். பாத்திரம் வாசல் தாண்டுவதுதான் வீழ்ச்சியின் முதல் அடையாளம்.

மற்ற நாடுகளில் இது திருவிழா. அமெரிக்காவில் 127ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி 1987 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் வீட்டு வாசல் விற்பனை, மிச்சிகனிலிருந்து அலபாமா வரை 690 மைல் நீள்கிறது. நெதர்லாந்தில் மன்னர் பிறந்தநாளான ஏப்ரல் 27 அன்று யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் தெருவில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கலாம். குழந்தைகள்கூடத் தங்கள் பொம்மைகளோடு உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "அவனுங்க வெள்ளைக்காரனுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பிரிக்கிற வேலை. எதை விற்பது என்று தொடங்கினால் விடியாது, எதை விற்கக் கூடாது என்று தொடங்கு என்றாள் என் தம்பி மனைவி. ஒரு அறையைக் காலி செய்து, விற்காத பொருளை முதலில் அங்கே கொண்டுபோய்ப் பூட்டினோம். குத்துவிளக்கு, கல்யாண ஆல்பம், சித்தப்பாவின் பால்வெட்டுக் கத்தி. அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். கித்தா மரத்தில் கோடு இழுத்த அந்தக் கத்தியை யாராவது விலை கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அவரே தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். "தோட்டத்த விட்டு வந்தப்ப எங்க வீட்டுச் சாமான் ஒரு லாரியில பாதிகூட ரொம்பல" என்றார் படியேறும்போது.

பிறகு பைகளையும் பெட்டிகளையும் திறந்து பார்த்தோம். பழைய கைப்பையிலிருந்து 50 வெள்ளி நோட்டு ஒன்று வந்தது. தையல் டப்பாவுக்குள் ஒற்றைத் தோடு. ஒரு மேசை இழுப்பறையை உருவினால் அடியில் விரித்திருந்த தமிழ் நேசன் தாள், தீபாவளித் துணிக்கடை விளம்பரத்தோடு பழுப்பேறிக் கிடந்தது. காஸ்வே திறந்த அதே 1924இல் தொடங்கிய பத்திரிகை. 2019இல் நின்றுபோனது. பழைய கைப்பேசிகளில் இருந்த படங்களை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை அழித்தான் தம்பி. எல்லாம் அடுக்கியபின் போர்ச்சில் இருந்த ஐந்து நாற்காலிகளில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியவை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விலைதான் பெரிய தகராறு. சித்தி வாங்கிய விலையைச் சொன்னார். தம்பி இணையத்தில் விற்கும் விலையைச் சொன்னான். எனக்கு ஒரு விலையும் தெரியாது. "சந்தைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம் அக்கா" என்று மாலையில் என்னை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போனான்.

செகெட் சாலையில் மாலை மயங்கியபின் கூடுவது பாசார் காராட். காராட் என்றால் மலாயில் துரு. துருச் சந்தை என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் எதிர்பார்த்தது பழைய பூட்டும் கிராமபோனும். இருந்ததோ பெரும்பாலும் புதுச் சட்டை, காலணி, கைப்பேசி உறை. நடுநடுவேதான் பாய் விரித்துப் பழைய சாமான் வைத்திருந்தார்கள். அப்படி ஒருவரிடம் எனாமல் அடுக்குச் சட்டி ஒன்று இருந்தது. வெள்ளைப் பூச்சில் பச்சைப் பூ, நாலு அடுக்கு, ஓரத்தில் காசளவு பூச்சு உதிர்ந்து உள்ளே துரு. இப்படி ஒன்று சித்தி வீட்டிலும் இருக்கிறது, பூச்சு உதிராமல். "பெராப்பா?" என்று தம்பி விலை கேட்டான். 90 என்றார். நாங்கள் நகர்ந்ததும் 75க்கு இறங்கினார். அந்தச் சட்டிக்குச் சித்தி எழுதி வைத்திருந்த விலை 10.

திரும்பும் வழியில் தான் ஹியோக் நீ தெருவில் நிறுத்தினான். 1919 முதல் விறகடுப்பில் ரொட்டி சுடும் ஹியாப் ஜூ கடை அங்கேதான் இருக்கிறது. அந்நேரத்துக்கு அது மூடிவிட்டது. பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். தாத்தா காலத்துத் தையல் மெஷினின் இரும்புக் கால்மேல் பளிங்குப் பலகை போட்டு மேசையாக்கியிருந்தார்கள். மெஷினுக்கு யார் வருவார்கள் என்பது அப்போது புரிந்துவிட்டது.

அன்றிரவே விலை ஒட்டி முடித்தோம். பச்சை வட்டம் 1 வெள்ளி, மஞ்சள் 5, சிவப்பு 10. அதற்கு மேல் உள்ளதற்கு மட்டும் கையால் எழுதிய சீட்டு. விலை இல்லாத பொருளை வாங்க வருகிறவர் தொடக்கூட மாட்டார் என்பது தம்பி மனைவியின் அனுபவம். சட்டைகளைக் கம்பியில் மாட்டினோம். குவித்து வைத்த துணி குப்பையாகத் தெரியும், மாட்டிய துணி கடையாகத் தெரியும். மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் மின் இணைப்புக் கம்பி இழுத்து வைத்தோம், போட்டுப் பார்த்து வாங்கட்டும் என்று. 1 வெள்ளி நோட்டாக 60, 5 வெள்ளி நோட்டாக 20 மாற்றி வைத்தான் தம்பி. காசில்லாமல் வருகிறவர்களுக்காக டூயிட்நவ் கியூஆர் கட்டத்தை அட்டையில் ஒட்டித் தூணில் கட்டினான்.

நாள் குறித்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. 2014 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரியிலிருந்துதான் மறுபடி சனி, ஞாயிறு. அதனால் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே நாளில் வீட்டில் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 2, சம்பளம் வந்த வாரம். ஞாயிறு வேண்டாம், ஆடிப்பெருக்கு, சித்தி கோயிலுக்குப் போக வேண்டும். பிற்பகல் இந்த ஊரில் மழைக்கு உரியது. ஆகவே காலை 8 முதல் 12. தாமானின் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் படங்கள் போட்டாயிற்று. முச்சந்தியில் அம்புக்குறி போட்ட அட்டை இரண்டு.

எட்டு மணி என்று எழுதியிருந்தோம். ஆறே முக்காலுக்கு கேட்டில் மணி அடித்தது. வேனில் வந்த ஒரு சீனப் பெரியவர். கோலம் போட்டுக்கொண்டிருந்த சித்தியைத் தாண்டி அவர் கண் நேரே எனாமல் சட்டிக்குப் போனது. தூக்கினார், தட்டினார், ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி அடியைப் பார்த்தார். "20, காசி லா" என்றார், கொடுத்துவிடு என்று, பரிவோடு. முந்தின மாலை சந்தைக்குப் போகாமல் இருந்திருந்தால் சித்தி மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார், பத்து வெள்ளி கூடுதலாகக் கிடைத்ததே என்று. தம்பி 80 என்றான். பெரியவர் சிரித்தார். வேன்வரை போய்த் திரும்பினார். 65க்கு முடிந்தது. போகிறபோக்கில் தையல் மெஷினையும் 180க்கு எடுத்துக்கொண்டார். மெஷினைப் போட்டுப் பார்க்கவில்லை, காலை மட்டும் குனிந்து பார்த்தார்.

எட்டரைக்குக் கூட்டம் வந்துவிட்டது. பிள்ளைகளோடு தாய்மார்கள், வாடகை அறைக்கு மின்விசிறி தேடிய நேப்பாளத் தொழிலாளிகள் இருவர், எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் விசாரித்த அடுத்த தெருத் தமிழ்ப் பாட்டி. "எது எடுத்தாலும் 1 வெள்ளி" என்று எழுதிய இரண்டு பெட்டிகளைத் தம்பி மனைவி கேட்டுக்கு அருகிலேயே வைத்திருந்தாள். உள்ளே வரத் தயங்குகிறவர் குனிந்து அதைக் கிளறுவார். ஒரு கரண்டி கையில் கிடைத்ததும் உள்ளே வந்துவிடுவார். தம்பியின் மகள் ஓர் ஓரத்தில் ரோஸ் நிற சிராப் தண்ணீர் கலந்து குவளை 1 வெள்ளிக்கு விற்றாள். குடித்து முடிக்கும்வரை வந்தவர் நிற்பார். நிற்கும்வரை பார்ப்பார்.

நான் உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தேன். மாசாய் வெயிலில் வேர்த்து வந்த ஒருவர் ஒரு நாற்காலியைக் காட்டி "பெராப்பா?" என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் "லிமா" என்றேன். ஐந்து வெள்ளியைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அது இரவல் நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என் நாற்காலிக்குக் கமிஷன் எவ்வளவு?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. புதிது ஒன்று 18 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தோம். விற்காத பொருள்மேலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்ற பாடத்தை 13 வெள்ளி நட்டத்தில் கற்றேன்.

பத்து மணிக்கு வந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போர்ச்சின் பின்பக்கம், குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால், பாதி மறைந்தாற்போல ஓர் எவர்சில்வர் அண்டா இருந்தது. மறைத்து வைத்தவர் சித்தி. 1983இல் அவர் கல்யாணத்துக்கு என் தாத்தா கொடுத்த சீர். புதுக்கோட்டையில் வாங்கி, நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏற்றி, பினாங்கில் இறக்கி, தெற்கே ஜொகூர் வரை வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் அந்தக் கப்பல் தீப்பிடித்து, நாகை–பினாங்குப் பயணமும் முடிந்துபோனது. அண்டாவின் கழுத்தில் தாத்தாவின் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அடுக்குமாடிச் சமையலறையில் அதற்கு இடமே கிடையாது. விற்கவும் சித்திக்கு மனம் இல்லை. "மத்த சாமான்னா யாருதுன்னு தெரியாது. இதுல பேரு வெட்டியிருக்கே. அடுத்தவங்க வீட்டுல எங்கப்பா பேரு கெடக்கணுமா?" என்றார் முந்தின இரவு. சித்தப்பா சொன்ன மானப் பேச்சுக்கு அது எழுத்திலேயே ஆதாரம்போல இருந்தது.

மூன்று வீடு தள்ளி இருக்கும் மலாய்க்காரப் பெண்மணி குளிர்பதனப் பெட்டியைப் பார்க்க வந்தவர், பின்னால் இருந்ததை இழுத்து வெளியே வைத்தார். மகன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறதாம். ஜொகூரில் கெண்டூரி விருந்து என்றால் ரேவாங். அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து வந்து நறுக்கி, அரைத்து, சமைக்கும். அவரவர் வீட்டுச் சட்டியும் வரும். அவர் விரலால் கழுத்தைத் தடவி, "இனி துலிஸ் அபா?" என்றார். என்ன எழுதியிருக்கிறது?

சித்தி தயங்கி, "பாப்பா சாயா புன்யா நாமா" என்றார். என் அப்பா பெயர்.

"பாகுஸ் லா!" என்றார் அந்த அம்மாள் முகம் மலர்ந்து. நல்லதாய்ப் போயிற்று. ரேவாங் முடிந்தால் யார் சட்டி யாருடையது என்று ஒவ்வொரு முறையும் தகராறு, இதில் பெயர் இருக்கிறது, மாறாது என்று சொல்லி, 80 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்.

சித்தி சத்தமாகச் சிரித்துவிட்டார். நாம் எதற்காகப் பெயர் வெட்டுகிறோம்? கல்யாண வீட்டுக்கும் கோயில் பொங்கலுக்கும் இரவல் போன பாத்திரம் மாறாமல் திரும்பி வரத்தான். தாத்தா எந்தக் காரணத்துக்காக வெட்டச் சொன்னாரோ, அதே காரணத்துக்காக, அதே எழுத்தைப் பார்த்து ஒருவர் வாங்கிப் போகிறார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா வெளியே வந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதை மூன்று வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. கடைசி ஒன்றரை மணி நேரம் மின்விசிறிகளை விற்றவர் அவர்தான், அதுவும் பேரம் பேசி.

பதினொன்றரைக்கு தம்பி மனைவி அட்டையைத் திருப்பி எழுதினாள்: ஒரு பை நிறைய எது போட்டாலும் 5 வெள்ளி. அரை மணியில் துணி முழுவதும் போய்விட்டது. பன்னிரண்டேகாலுக்கு முதல் தூறல்.

கணக்குப் பார்த்தோம். குளிர்பதனப் பெட்டி 250, தையல் மெஷின் 180, அலமாரி 120, அண்டா 80, எனாமல் சட்டி 65. ஐந்து பொருளில் 695. மற்ற எல்லாச் சிறு சாமானும் சேர்ந்து 286. ஆக 981 வெள்ளி. சிறு சாமான் கூட்டத்தைக் கொண்டுவந்தது, பெரிய சாமான் பணத்தைக் கொண்டுவந்தது. மிஞ்சிய தமிழ்ப் புத்தகங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் போயின. உடைந்த கட்டில் பலகையை வாசலில் சாய்த்து வைத்தோம். இங்கே குப்பை வண்டி வாரம் இரண்டு நாள் வீட்டுக் குப்பைக்கு வருகிறது, மூன்றாவது நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய சாமானுக்கும். எதையும் தெரு முனையில் வீசவேண்டிய தேவை இல்லை.

நம் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் வீட்டுப் பழையதை வெளியே எடுக்கிறோம், போகியன்று. எடுத்ததைக் கொளுத்துகிறோம், சென்னைக்காரர்கள் அந்தப் புகையில் இருமிக்கொண்டே பொங்கல் வைக்கிறார்கள். வரும் போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணி நேரம், உங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாசலில் ஒரு பாயை விரித்துப் பாருங்கள். விலையை எழுதி ஒட்டுங்கள். சில்லறை மாற்றி வையுங்கள். யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று தோன்றினால், வெட்கப்படும் பொருளையே முதல் வரிசையில் வையுங்கள். இரவல் நாற்காலியை மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள்.